நொச்சிக்கரைக்குக் கப்பி போட்ட சாலை

நொச்சிக்கரை
12.1.1974

தம்பி தியாகேசனுக்கு,

அக்கா ஆனந்தவல்லி எழுதுகிறேன். ஒரு வருஷம் ஐந்து மாதமாக உனக்கு ஒரு கார்டு கூடப் போடக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். வள்ளியம்மை சடங்குக்குத் தாய்மாமன் நீ வராமல், தூரத்து உறவில் ஒருவரை நிறுத்தி மாலை போட வைத்தோம். பந்தலில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் "மாமன் எங்க, மாமன் எங்க"ன்னு கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்று பிறகு மணியார்டர் அனுப்பினாய். நான் திருப்பி அனுப்பினேன். அதைப் பேச இப்போது எழுதவில்லை.

ரோட்டைப் பற்றி எழுதுகிறேன். கார்த்திகை அடைமழையில் பஸ் நம் மதகடியில் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து பஸ் மெயின் ரோடு முக்கத்தோடு திரும்பிப் போய்விடுகிறது. ரோடு சரியானால்தான் உள்ளே வருமாம். முக்கத்துக்கு மூன்று மைல், அதுவும் முழங்கால் களி. பையன்கள் டிராயரை மடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஹைஸ்கூலுக்குப் போன பெண்கள் பதினோரு பேரும் நின்றுவிட்டார்கள். வள்ளியும் நின்றுவிட்டாள். ஒன்பதாவது பாதியில் கிடக்கிறது.

ஊர் கூடி மனுப் போட்டோம். பதில் வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "மேற்படி சாலை 1971-72ஆம் ஆண்டில் முழு நீளத்துக்கும் கப்பி போட்டு மேம்பாடு செய்யப்பட்டுள்ளது. எனவே ஐந்தாண்டுகளுக்கு மறுபடி நிதி ஒதுக்க வழியில்லை."

கப்பியாம்! இந்த ஊரில் அம்மிக்குக்கூட வெளியூரிலிருந்துதான் கல் வர வேண்டும். மூன்று மைலுக்குக் கல் கொட்டியிருந்தால் எங்கள் கண்ணில் படாமலா போகும்? நீ அப்போது இந்த யூனியனில்தானே ஓவர்சியராக இருந்தாய். உங்கள் ஆபீசில் எந்தப் புண்ணியவான் அளந்து கையெழுத்துப் போட்டான் என்று பார்த்துச் சொல். பேர் தெரிந்தால் ஜமாபந்தியில் நேராகவே கேட்டுவிடுவோம்.

சாவித்திரியும் குழந்தைகளும் சௌக்கியம்தானே?

ஆனந்தவல்லி

*

தஞ்சாவூர்
2.2.1974

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். சின்னவனுக்குத்தான் சளி.

சாலை விஷயமாகத் தாங்கள் கேட்டது பற்றி. நான் அங்கிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்த யூனியனில் அப்போது நாலைந்து ஓவர்சியர்கள் இருந்தார்கள். பழைய அளவுப் புத்தகங்களைக் கட்டிப் பரண் மேல் போட்டிருப்பார்கள், தேடுவது சுலபமில்லை.

நிலைமையையும் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மாவட்டம் முழுக்க இதே கதைதான். பத்துச் சாலைக்குக் கேட்டால் இரண்டுக்குத்தான் நிதி வருகிறது, அதுவும் வருஷக் கடைசியில். நம் பக்கம் கல் கிடையாது, புதுக்கோட்டையிலிருந்து லாரியில் வர வேண்டும். போட்டாலும் நம் களிமண் இரண்டு மழையில் கல்லை விழுங்கிவிடும். போட்ட கல்தான் கீழே போயிருக்குமோ என்னவோ.

பஸ்ஸுக்குத் தனியாக ஒரு மனு எழுதிப் பாருங்கள். வள்ளியை வீட்டிலேயே படிக்கச் சொல்லுங்கள். சடங்கு விஷயத்தில் என்மேல் உள்ள கோபம் நியாயம்தான்.

தம்பி
தியாகேசன்

*

நொச்சிக்கரை
20.2.1974

தம்பிக்கு,

என்னடா புதுசாகத் 'தாங்கள்'? அக்காவுக்குக் கடுதாசி எழுதினாயா, ஆபீஸ் மெமோ எழுதினாயா? ஒரு பேர் கேட்டேன். நீ புதுக்கோட்டைக் கல்லின் ஜாதகத்தை எழுதியிருக்கிறாய்.

களிமண் கல்லை விழுங்கிற்றாம். ஏண்டா, நாம் பிறந்து வளர்ந்த மண்ணைப் பற்றி எனக்கே சொல்கிறாயா? இந்த ரோட்டை விழுங்கியது யார் என்று நான் சொல்கிறேன், கேள். இரண்டு பக்கமும் வயல்காரர்கள் வரப்பு கழிக்கும்போதெல்லாம் ரோட்டோரத்தில் ஒரு சாண் வெட்டி உள்ளே இழுத்துக்கொள்கிறோம். மிராசு சாரங்கபாணி ஒரு மைலுக்கு வெட்டுகிறார். உன் அத்தானும் நம் துண்டு நிலத்தில் வெட்டத்தான் செய்கிறார், நான் மறைக்கவில்லை. பதினெட்டு அடி ரோடு இப்போது பத்து அடி. அதில்தான் பஸ் வர வேண்டும்.

ஊரும் முன்னைப்போல இல்லை. அறுவடைக் கூலி கூட்டிக் கேட்டு, தை பிறந்ததும் காலனி ஆட்கள் பத்து நாள் வயலில் இறங்கவில்லை. மிராசு வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றிவந்தார். லாரி மதகடியில் உட்கார்ந்துவிட்டது. போலீஸ் வேன் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. அதுவும் எப்படி? உள்ளே இருந்தவர்கள் எல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கலவர நாளிலும் அதைப் பார்த்து ஊரே சிரித்தது. பிறகு நான்கு பேரைப் பிடித்துக்கொண்டு போனபோது யாரும் சிரிக்கவில்லை.

இப்போது சாரங்கபாணி புதுசாக ஒன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறார். "கவர்மென்ட்டு கல்லு போடத்தான் செஞ்சுது. காலனிக்காரனுவதான் ராவோட ராவா அள்ளிக்கிட்டுப் போயி குடிசைக்கு அடிபோட்டுட்டானுவ." இதைக் கேட்டு பூவம்மாள் கொதித்துப்போய் என்னிடம் வந்தாள். காலனி சங்கத்துக்கு அவள்தான் இப்போது எல்லாம். "யக்கா, எங்க குடிசைல கல்லு எங்கருக்குன்னு வந்து தோண்டிப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

இன்னொன்று. பூம்புகார் பக்கமிருந்து வள்ளியைக் கேட்டு வந்திருக்கிறார்கள். உன் அத்தான், "படிப்புதான் நின்னுபோச்சே, இன்னும் எதுக்கு வச்சுக்கிட்டு?" என்கிறார். அவளுக்குப் பதினைந்து கூட நிறையவில்லை. ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பஸ் வந்தால் அனுப்புகிறேன், வராவிட்டால் உங்கள் இஷ்டம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளோ ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால்தான் கேட்கிறேன். அந்தப் பேரைக் கண்டுபிடித்து எழுது. இழுத்தடிக்காதே.

ஆனந்தவல்லி

*

தஞ்சாவூர்
15.3.1974

அக்கா,

பரண் மேல் தேட வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டது நான்தான்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இருபது நாள் ஆயிற்று. இனி மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

அது 1972 மார்ச் முப்பத்தொன்று. நம் ரோட்டுக்குப் பணம் வந்ததே மார்ச் நடுவில்தான். முப்பத்தொன்றாம் தேதிக்குள் வேலை முடிந்து பில் பாஸாகாவிட்டால் அவ்வளவும் மெட்ராசுக்குத் திரும்பிவிடும். மறு வருஷம் நம் ஊர் பேர் பட்டியலிலேயே இருக்காது. காண்ட்ராக்டர் வந்து, "லாரி கெடைக்கலை சார், சித்திரை பொறந்ததும் கல்லு வந்து எறங்கிடும், இப்ப அளவைப் போட்டுக் குடுங்க" என்றான். மேலதிகாரியும், "போட்டுக் குடுப்பா, எல்லா ஊருக்கும் இப்படித்தான் நடக்குது, உன் அக்கா ஊருதானே" என்றார். வேறு ஊராக இருந்தால் தயங்கியிருப்பேன். உன் ஊருக்கு வந்த பணம் என் மேசையிலிருந்து திரும்பிப் போக வேண்டாம் என்று நினைத்தேன். மூன்று மைல், பன்னிரண்டு அடி அகலம், நான்கு அங்குல கனம் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதினேன். ஒரு பைசா வாங்கவில்லை. குழந்தைகள்மேல் சத்தியம்.

மே மாதம் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. கல் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்க பயம்.

வள்ளி சடங்குக்கு நான் புறப்பட்டுத்தான் வந்தேன் அக்கா. பட்டுப் பாவாடை, தட்டு, பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு முக்கத்தில் இறங்கினேன். அங்கே நின்று ரோட்டைப் பார்த்தேன். ஒரு கல் இல்லை. உன் வீட்டுப் பந்தலுக்கு வந்து அத்தனை பேர் நடுவில் நான் எப்படி மாலையை எடுப்பேன்? எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். லீவு கிடைக்கவில்லை என்றது பொய்.

இது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். கேஸும் வரலாம். எனக்கு முப்பத்திநாலு வயசு, வேறு பிழைப்பு தெரியாது. சாவித்திரிக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. நீ என்ன செய்தாலும் நான் உன்னைக் குறை சொல்ல முடியாது.

தியாகேசன்

*

நொச்சிக்கரை
29.3.1974

தியாகு,

உன் கடுதாசியை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். உன் அத்தானுக்குச் சொல்லவில்லை.

திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறது. நேற்று பூவம்மாள் வந்து, "அந்தப் பேரு தெரிஞ்சுதாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

இப்போதைக்கு எழுதாதே.

ஆனந்தவல்லி

*

தஞ்சாவூர்
28.4.1974

அக்கா,

எழுதாதே என்றாய். ஆனாலும் ஒரு வழி தோன்றியது, அதற்காக எழுதுகிறேன்.

பதிவேட்டில் இருப்பது 'முக்கம் முதல் நொச்சிக்கரை வரை' என்ற சாலை. அது முடிந்த சாலை, அதைத் தொட முடியாது. நீங்கள் 'நொச்சிக்கரை முதல் முக்கம் வரை' புதிய இணைப்புச் சாலை வேண்டும் என்று மனு எழுதுங்கள். புது நம்பர் போடுவார்கள், புது நிதியில் சேர்ப்பார்கள். சிரிக்காதே, இப்படி ஏழெட்டுச் சாலைகள் நடந்திருக்கின்றன. யாரும் போய்ப் பார்ப்பதில்லை. மனுவை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் கையெழுத்து மட்டும் போதும்.

இதில் யாருக்கும் கஷ்டமில்லை. ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷத்தில் வந்துவிடும். சாவித்திரிக்குச் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, "அக்கா கையிலதான் இருக்கு" என்றாள்.

தியாகேசன்

*

நொச்சிக்கரை
5.6.1974

தியாகு,

இதை நீ உட்கார்ந்துகொண்டு படி. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

நேற்று ஜமாபந்தி. நீ எழுதிக் கொடுத்த மனுவைத்தான் கொண்டுபோனோம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் உன் பிள்ளைகள் முகம் கண்ணில் நின்றது, சரி, தொலையட்டும் என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஊர் சார்பில் நானும் பூவம்மாளும் போய் நின்றோம்.

அதிகாரி மனுவைப் படித்தார். கெட்டிக்காரர், இரண்டே நிமிஷத்தில் பிடித்துவிட்டார். "இது ரெண்டும் ஒரே ரோடுதானேம்மா? ஏற்கெனவே கப்பி போட்டிருக்கே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சாரங்கபாணி முன்னால் வந்தார். அவர் வேறு விஷயமாக வந்திருந்தவர். "போட்ட கல்லை அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்கய்யா. காலனில வீடு வீடா சோதனை போட்டா தெரிஞ்சிடும்" என்றார். அதிகாரி பக்கத்திலிருந்த போலீஸ்காரரைப் பார்த்தார். "சர்க்கார் சொத்துத் திருட்டு. எழுதிக்குங்க. நாளைக்கே போய்ப் பாருங்க" என்றார்.

பூவம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, ஏற்கெனவே நாலு பேரு உள்ள இருக்காங்கக்கா" என்றாள். அவள் அழவில்லை. சத்தமே இல்லாமல் சொன்னாள். அவள் மகனும் அந்த நாலு பேரில் ஒருத்தன்.

சொல்லிவிட்டேன் தியாகு. "கல்லு வரவே இல்லைங்க. கல்லு வந்துதுன்னு எழுதினது என் கூடப்பொறந்த தம்பி. பேரு தியாகேசன். அவனே எனக்குக் கடுதாசி எழுதியிருக்கான்" என்று சொன்னேன். அதிகாரி, கடுதாசி எங்கே என்றார். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை ஏன் அன்றைக்கு எடுத்துப் போனேன் என்று நீ கேட்கலாம். எனக்கே தெரியவில்லை. காலையில் அரிசி அளக்கும்போது கையில் பட்டது, மடியில் சொருகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். "தம்பியக் காட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று கேட்டார். சாப்பிடாமல் படுத்துவிட்டார். நானும் சாப்பிடவில்லை.

உன் சோற்றில் நான் மண் போட்டேன். மன்னிக்கச் சொல்லி எழுத எனக்கு வாய் வரவில்லை. மறுபடி அந்த இடத்தில் நின்றாலும் அதையேதான் சொல்வேன் என்று தோன்றுகிறது. அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

அக்கா

*

தஞ்சாவூர்
15.6.1974

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. அந்த ரோட்டில் தபால்காரர் வாரத்துக்கு இரண்டு நாள்தானே வருகிறார். மெமோ அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. ஆக, வேறு ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் அளந்த ரோடு, யாரைக் குறை சொல்வது?

சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை பாதிச் சம்பளம். கடிதத்தைக் காட்டி, "இது உன் கையெழுத்தா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அன்றைக்கு "போட்டுக் குடுப்பா" என்ற மேலதிகாரிக்கு என்னை யாரென்றே நினைவில்லையாம்.

உன்மேல் கோபம் வந்தது, இல்லையென்று சொன்னால் பொய். மெமோ வந்த அன்று முழுக்க உன்னை மனசுக்குள் வைது தீர்த்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு வையவில்லை. பூவம்மாள் மகன் உள்ளே இருப்பது எனக்குத் தெரியாது. நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய கல்லுக்கு அங்கே இன்னும் ஒருத்தர் ஜெயிலுக்குப் போயிருப்பார்.

வருகிற 27ஆம் தேதி மறு அளவை. பர்லாங்குக்கு ஒரு குழி தோண்டி அடியில் கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் கூடவே நின்று டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேண்டுமாம். அதிகாரிகளோடு வந்து அவர்களோடே திரும்ப வேண்டும், யாரோடும் பேசக்கூடாது என்று உத்தரவு. அதனால் வீட்டுக்கு வர முடியாது. நீயும் வெளியே வந்து நிற்காதே. எனக்குத் தாங்காது.

தியாகு

*

நொச்சிக்கரை
1.7.1974

தியாகு,

நிற்காதே என்று எழுதினாய். நான் மட்டும் இல்லை, ஊரே நின்றது. மதகடியில் வேலியை ஒட்டி நின்றேன். நீ பார்த்தாயா இல்லையா தெரியவில்லை. இளைத்துப் போயிருக்கிறாய்.

இருபத்திநான்கு குழி. தோண்டியவர்கள் காலனி ஆட்கள். எந்தக் கல்லைத் திருடினார்கள் என்றார்களோ, அதே ஆட்கள். ஒவ்வொரு குழியிலும் களி, நத்தை ஓடு, மறுபடி களி. கல்லை அள்ளியிருந்தால் அடியில் பரப்பிய செம்மண்ணாவது மிஞ்ச வேண்டும் என்று அந்த அதிகாரியே சொன்னார். முதல் குழியில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே நீ "கல் இல்லை" என்று சத்தமாகச் சொன்னாய். ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. பத்தாவது குழிக்குப் பிறகு உன் குரல் கம்மிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. இருபத்திநாலுக்கும் சொன்னாய்.

ஜீப் போன பிறகு பூவம்மாள் வந்தாள். "இத ரெண்டு வருசம் முன்னாடி சொல்லியிருந்தா ஆகாதாக்கா?" என்று கேட்டாள். ஆகியிருக்கும்தான் என்றேன். காலனிமேல் எழுதிய திருட்டுப் புகாரை ரத்து செய்துவிட்டார்கள். கூலிச் சண்டையில் பிடித்த நாலு பேரும் இன்னும் உள்ளேதான்.

ரோடு என்ன ஆகும் என்று அதிகாரியிடம் கேட்டேன். காண்ட்ராக்டர்மேல் கேஸ் போடுவார்களாம். கேஸ் முடியும்வரை இந்த ரோட்டுக்குப் புது எஸ்டிமேட் போட முடியாதாம். எத்தனை வருஷம் என்றேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். நல்ல மனுஷன், நேராகச் சொல்லிவிட்டார். பொய் சொல்லியிருந்தால் ஐந்து வருஷத்தில் வந்திருக்கும் ரோடு, நிஜத்தைச் சொன்னதால் அதற்கும் தள்ளிப்போய்விட்டது. இதை உன் அத்தான்தான் சொன்னார். அவர் இப்போது என்னோடு பேசுகிறார்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பஸ் வரவில்லை. பூம்புகார்க்காரர்கள் ஆவணியில் முகூர்த்தம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். நான் கொடுத்த வாக்குப்படி இனி நான் பேசக்கூடாது. வள்ளி புத்தகங்களைத் துடைத்துப் பழைய புடவைத் துணியில் கட்டிப் பரணில் வைத்தாள். அதைப் பார்த்ததும் வாக்காவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது. உன் அத்தானிடம் போய் நின்று, "இவளை தியாகு வீட்டுக்கு அனுப்பறேன், தஞ்சாவூர்ல படிக்கட்டும்" என்றேன். "வேலை இல்லாதவன் தலையிலயா கட்டுறே?" என்றார். "வேலை இல்லாததாலதான், பக்கத்துல உக்காந்து கணக்குச் சொல்லிக் குடுப்பான்" என்றேன். கடைசியில் சரி என்றார்.

அதனால் உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன். வருகிற வியாழன் விட்டு அடுத்த வியாழக்கிழமை அவள் வருகிறாள். அத்தான் அரிசி மூட்டையோடு கூட வருவார். மாதா மாதம் அரிசியும் உளுந்தும் இங்கிருந்து வந்துவிடும், பாதிச் சம்பளத்தில் அவளுக்காக நீ ஒன்றும் வாங்க வேண்டாம். சாவித்திரியிடம் நானே தனியாக எழுதிக் கேட்டிருக்கிறேன். அவளுக்கு என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும், குழந்தைமேல் காட்ட மாட்டாள் என்று தெரியும்.

ஒன்பதாவதை முதலிலிருந்து படிக்கட்டும். அவளுக்கு அல்ஜீப்ரா வராது, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமன் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று அவள் கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடு. நீ முக்கம்வரை வந்து திரும்பியதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

இங்கே ரோடு போட்டதும் அவளைத் திருப்பி அனுப்பு. அதுவரைக்கும் உன் வீட்டிலேயே இருக்கட்டும்.

அக்கா
ஆனந்தவல்லி